இரண்டு தலைவர்களும் ஒரு பாஸ்வேர்டும்

அத்தியாயம் 7

தொட்டிலில் கிடந்தது குழந்தை இல்லை.

“ஆம்பளப் புள்ளையா, பொம்பளப் புள்ளையா?” என்று கேட்டுக்கொண்டே துணியை விலக்கிய நிரோஷன் சட்டென்று பின்வாங்கினான். உள்ளே கறுப்பாக, தட்டையாக, வாயை மூடிக்கொண்டு ஒரு லெப்டொப் படுத்திருந்தது. “மேடம், இதுக்கு அப்பன் ஜாடையும் இல்ல, ஆத்தா ஜாடையும் இல்ல.”

“பேச்ச விட்டுட்டு அதத் தூக்கி மேசைல வை,” என்றார் மஹ்மூதா.

பெல்மதுளைச் சந்தியில், போனுக்குக் காசு போடும் ரீலோட் கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துபவர் மஹ்மூதா. அதற்கு முன்பு பல வருடம் ஒரு மாணிக்கக்கல் வியாபாரியின் கடையில் கல்லாவில் இருந்தவர். கல் விற்க வருகிறவன் பொட்டலத்தைப் பிரிக்கும் முன்பே அவன் முகத்தைப் பார்த்து, உள்ளே இருப்பது கல்லா கண்ணாடியா என்று சொல்லிவிடுவார். நிரோஷன் அவருடைய உதவியாளன். அவனுடைய த்ரீவீலர்தான் நிலையத்தின் வாகனம். வண்டிக்கு பிரேக் கொஞ்சம் பிடிக்கும். அவன் வாய்க்கு அதுவும் கிடையாது.

இருவரும் அன்று வந்திருந்தது றக்வானைக்கு மேலே, வளைந்து வளைந்து ஏறும் பாதையின் முடிவில் இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு. அந்தத் தோட்டத்தின் பிள்ளைக்காம்பராவில், கொழுந்து பறிக்கப் போன தாய்மாரின் குழந்தைகள் பாயில் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தன. அவர்களைப் பார்த்துக்கொள்ளும் துஷ்யந்தி தூங்காமல் அழுதுகொண்டிருந்தாள். லெப்டொப் அவளுடையது. தோட்டத்திலேயே பூட்டும் பிளக்கும் ஒழுகாத கூரையும் ஒன்றாக இருக்கிற இடம் அந்தத் தொட்டில் மூலைதான் என்பதால் அது அங்கே படுத்திருந்தது.

“செல்லு மகள், என்ன நடந்த?” என்றார் மஹ்மூதா.

“கொழும்புல முன்பள்ளி டீச்சர் பயிற்சிக்கு எழுதிப் போட்டிருந்தேங்க. மூணாவது தடவையா எழுதி இப்பத்தான் கெடச்சிருக்கு. தங்க எடமும் குடுக்கிறாங்க. காலையில போன் வந்துச்சு. மெயில்ல ஒரு படிவம் அனுப்பி நாளாச்சாம். இன்னிக்கு நாலு மணிக்குள்ள நிரப்பி அனுப்பலன்னா எடத்த அடுத்த ஆளுக்குக் குடுத்துருவாங்களாம்.”

“அப்ப அனுப்புறதுதானே?” என்றான் நிரோஷன்.

“மெயில் பாஸ்வேர்ட் லெப்டொப்ல ஒரு பூட்டுப் பெட்டிக்குள்ள இருக்குங்க. பெட்டி தெறக்க மாட்டேங்குது.”

“மறந்துட்டேன்னு ஒரு பொத்தான் இருக்குமே, அத அமுக்கினா?”

“அமுக்கினேன். புது வழிய இன்னொரு மெயிலுக்கு அனுப்பிருச்சு. அந்த மெயில் பாஸ்வேர்டும் பெட்டிக்குள்ளதான் இருக்கு.”

நிரோஷன் லெப்டொப்பைத் தட்டிப் பார்த்தான். “பீரோ சாவிய பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டுறது கேள்விப்பட்டிருக்கேன். நீங்க மாத்துச் சாவியையும் சேத்து உள்ள வச்சிருக்கீங்க.”

மஹ்மூதா அவனைப் பார்த்த பார்வையில் அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கதை அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. லெப்டொப்பை தோஹாவிலிருந்து அனுப்பியவன் துஷ்யந்தியின் அண்ணன் கிருஷ்ணராஜ். அனுப்பும்போதே ஒரு புத்தியும் சொல்லியிருந்தான்: எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டை வைக்காதே, ஒரு பாஸ்வேர்ட் மெனேஜரைத் தெரிவு செய்துகொள், அந்த சொப்ட்வெயார் ஒவ்வொன்றுக்கும் நீளநீளமாக ஒரு பாஸ்வேர்டைத் தானே போட்டு உள்ளே வைத்துப் பூட்டிக்கொள்ளும், நீ பெட்டியைத் திறக்கும் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்தால் போதும். நல்ல புத்திதான். ஆனால் தோட்டத்தில் வெளிநாட்டில் ஆள் உள்ள வீடுகளெல்லாம் அந்த ஒரு லெப்டொப்பில்தான் மெயில் பார்த்தன. எல்லாருடைய பாஸ்வேர்டும் ஒரு பெட்டிக்குள் போகப் போகிறது என்றால், அந்தப் பெட்டியை துஷ்யந்தி மட்டும் தெரிவு செய்வதா? கோயிலில் கூட்டம் போட்டார்கள்.

“மெனேஜர் சொப்ட்வெயாருக்குக் கூட்டமா?” என்றான் நிரோஷன்.

“ஓட்டெடுப்பும் நடந்துச்சிங்க. மூணு சொப்ட்வெயார அண்ணன் எழுதி அனுப்பியிருந்தான். மொதலாவது இலவசம். சும்மா குடுக்கிறவன் எதுக்குக் குடுக்கிறான்னு சந்தேகப்பட்டு அத விட்டுட்டாங்க. ரெண்டாவது, பாஸ்வேர்ட வெளிநாட்டுல அவங்க கம்ப்யூட்டர்ல வச்சுக்கும். நம்ம சாமான கடல் தாண்டி வைக்கிறதான்னு பெரிய சத்தம். மூணாவது பேரு இரும்புப்பெட்டி. ஆறு தடவ பிழையா அடிச்சா உள்ள இருக்கிறது எல்லாத்தையும் அதுவே அழிச்சிரும். அதக் கேட்டதும் எல்லாரும் கைதட்டிட்டாங்க.”

“அழிச்சிரும்னா கைதட்டினாங்களா?”

“அதுதான் கண்டிப்பானதுன்னு சொன்னாங்க. முத்துவீரன் மாமாவும் இருளப்பன் மாமாவும் ஒரே விசயத்துக்குக் கை தூக்கினது அன்னைக்குத்தாங்க மொதத் தடவ.”

முத்துவீரன் மேக்கணக்கின் தலைவர். இருளப்பன் கீக்கணக்கின் தலைவர். மலையின் மேல்பாதியில் இருக்கும் லய வீடுகள் மேக்கணக்கு, கீழ்ப்பாதியில் இருப்பவை கீக்கணக்கு. சங்கமும் இரண்டு, தலைவர்களும் இரண்டு, கோயில் மட்டும் ஒன்று. அந்தக் கோயில் உண்டியலுக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி இவரிடம், மற்றது அவரிடம். இருவரும் சேர்ந்து வந்தால்தான் சில்லறையை எண்ண முடியும்.

மஹ்மூதா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அப்ப இந்தப் பெட்டிக்கும்...”

“ஆமாங்க. பெட்டி பாஸ்வேர்ட்ல பாதி அவரு, பாதி இவரு. ஒருத்தர் பாதி மத்தவருக்குத் தெரியாது. எனக்கு ரெண்டும் தெரியாது. அவங்க கம்பளியால மூடிக்கிட்டு அடிக்கிறப்ப நாங்கெல்லாம் சுவரப் பாத்து நிக்கணும்.” அவள் குரல் உடைந்தது. “என் லெப்டொப்ங்க. நான் சுவரப் பாத்து நிக்கணும்.”

“இதுவரைக்கும் தெறந்திச்சா?”

“எப்பவும் தெறந்துச்சு. காலையில இருந்து அஞ்சு தடவ அடிச்சுப் பாத்துட்டாங்க. பிழை, பிழைன்னே சொல்லுது.”

இன்னும் ஒரு தடவைதான் மிச்சம். அதுவும் பிழையானால் கொழும்பும் போகும், தோட்டத்தில் பாதிப் பேரின் மெயிலும் போகும். நிரோஷனுக்கு அந்த நேரத்தில் பகிடி எதுவும் வரவில்லை. தூங்கும் குழந்தைகளைத் தாண்டி வாசலுக்குப் போய், தலைவர்கள் இருவரையும் கூப்பிட்டான். அவர்கள் ஏற்கனவே வாசலின் இரண்டு ஓரத்தில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், தங்கள் ஆட்களோடு நின்றுகொண்டிருந்தார்கள். முத்துவீரனுக்கு மீசை பெரிது. இருளப்பனுக்குக் குரல் பெரிது. இருவர் கையிலும் மஞ்சள் காப்புக்கயிறு கட்டியிருந்தது.

“இவன் மாத்திட்டான்,” என்றார் முத்துவீரன்.

“மாத்தினது அவன்,” என்றார் இருளப்பன்.

“விசாரணை முடிஞ்சது மேடம், போவோமா?” என்றான் நிரோஷன்.

மஹ்மூதா முத்துவீரனை மட்டும் தனியாக அழைத்து, பால்மா டின்கள் அடுக்கிய மூலைக்குக் கூட்டிப்போனார். நிரோஷன் காதைத் தீட்டிக்கொண்டு பின்னால் போனான்.

“ஐயா, உங்கட பாதிய இருளப்பன் கண்டுபிடிச்சிட்டாராம். அப்பிடித்தான் கதைக்கிறாங்க,” என்று பச்சைப் பொய்யைப் பட்டுப்போலச் சொன்னார் மஹ்மூதா.

முத்துவீரன் விழுந்து விழுந்து சிரித்தார். “அவனா? நோனா, என் பாதி என்னான்னு தெரிஞ்சிருந்தா இந்நேரம் அவன் என் வாசல்ல கத்தியோட நின்னிருப்பான்.”

அடுத்து இருளப்பன். அதே மூலை, அதே பொய்.

“அட போங்க நோனா,” என்று அவரும் சிரித்தார். “அவனுக்குத் தெரிஞ்சா வெக்கத்துல மூணு நாளைக்குச் சோறு எறங்காது.”

அவர் போனதும் நிரோஷன் மெதுவாகச் சொன்னான். “மேடம், இது பாஸ்வேர்ட் இல்ல. வசவு. பாதி இவரு அவரைத் திட்டினது, பாதி அவரு இவரைத் திட்டினது. பாவம் அந்தப் பெட்டி, தெறக்கிறப்ப எல்லாம் ரெண்டு பேருகிட்டயும் ஏச்சு வாங்குது.”

“அது கெடக்கட்டும். ரெண்டு பேர்ட முகத்தையும் பாத்த தானே? பயம் இல்ல. சந்தேகம் இல்ல. அவங்க பாதிய அவங்க மறக்கவும் இல்ல, மாத்தவும் இல்ல.”

“ரெண்டு சாவியும் சரி, பூட்டும் அதே பூட்டு. அப்ப ஏன் தெறக்கல?”

சுவர்க் கடிகாரம் மூன்றைத் தாண்டியிருந்தது. நிரோஷன் தன் பங்குக்குச் சில சந்தேகங்களை அவிழ்த்துவிட்டான். எலி விசைகளைக் கடித்திருக்கலாம். தோட்டத்தை நடத்தும் பெரிய துரை வேவு பார்க்கலாம். இத்தனை நாள் ஏச்சு வாங்கியதில் பெட்டிக்கே ரோஷம் வந்திருக்கலாம்.

“கடைசியாச் சொன்னதுதான் கொஞ்சமாவது பொருந்துது,” என்றார் மஹ்மூதா வெறுப்போடு.

அப்போது, பிள்ளைக்காம்பராவில் பால் காய்ச்சும் புஷ்பம் தட்டில் பிளேன்டீ கொண்டுவந்தாள். நேராக இருளப்பனிடம் போனாள். அவர் கை நீட்டினார். புஷ்பம் நாக்கைக் கடித்துக்கொண்டாள். தட்டு அப்படியே திரும்பி முத்துவீரனிடம் போனது. முத்துவீரன் மீசையைத் தடவிவிட்டு முதல் கோப்பையை எடுத்தார். இருளப்பனின் நீட்டிய கை, தலையைச் சொறிந்துவிட்டு கீழே இறங்கியது. யாரும் இதை ஒரு பொருட்டாக எடுக்கவில்லை. நிரோஷனுக்கும் தனக்கு எப்போது கோப்பை வரும் என்பதுதான் கவலை.

“கொஞ்சம் இருங்கோ,” என்றார் மஹ்மூதா. “ஏன் அங்கால போன கை இங்கால திரும்பின?”

“பழக்க தோஷங்க,” என்றாள் புஷ்பம். “போன வருசமெல்லாம் கீக்கணக்குக்குத்தான் மொதல்ல. திருவிழா முடிஞ்சிருச்சுல்ல, இனி இவருக்கு.”

“என்ன இவருக்கு?”

எல்லாரும் மஹ்மூதாவை ஒரு மாதிரி பார்த்தார்கள். வெள்ளிக்கிழமைக்கு அடுத்தது என்ன கிழமை என்று கேட்டவரைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். முத்துவீரன்தான் பெரிய மனதோடு விளக்கினார். திருவிழா முடிவில் தட்டில் தேங்காய், பழம், வெற்றிலை வைத்து, சாமியின் மாலையோடு தலைவர்களுக்குக் காளாஞ்சி கொடுப்பார்கள். முதல் காளாஞ்சி ஒரு வருடம் கீக்கணக்குக்கு, ஒரு வருடம் மேக்கணக்குக்கு. யாருக்கு முதல் காளாஞ்சியோ, அடுத்த திருவிழா வரைக்கும் தோட்டத்தில் எல்லாம் அவருக்குத்தான் முதலில். கல்யாண வீட்டில் இலை, சாவு வீட்டில் பாடைக்குத் தோள், கூட்டத்தில் பேச்சு எல்லாமே.

“திருவிழா எப்ப முடிஞ்ச?”

“போன வெள்ளி.”

“மகள், இந்தப் பெட்டி கடைசியாத் தெறந்தது எப்ப?”

“கொடியேத்துறதுக்கு முந்தின நாளுங்க,” என்றாள் துஷ்யந்தி.

மஹ்மூதா கோப்பையைக் கீழே வைத்தார். கல்லுக்கடையில் நல்ல நீலக்கல் கைக்கு வந்தால் அவர் முகம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது. “முத்துவீரன் ஐயா, இன்டைக்குக் காலைல யாரு மொதல்ல அடிச்ச?”

“நான்தான். இதென்ன கேள்வி? என் வருசம்.”

“பெட்டி வாங்கின நாள்ல, பாஸ்வேர்ட் வச்சப்ப யாரு மொதல்ல?”

“நான்!” என்று நெஞ்சில் தட்டினார் இருளப்பன். “அது என் வருசம்.”

பிள்ளைக்காம்பராவில் ஒரு குழந்தை மட்டும் புரண்டு படுத்தது.

“யாரும் ஒண்டையும் மாத்தல்ல,” என்றார் மஹ்மூதா. “திருவிழாதான் மாத்தியிருக்குது. பெட்டிக்குத் தெரிஞ்சது இருளப்பன் ஐயாட பாதி முன்னுக்கு, முத்துவீரன் ஐயாட பாதி பின்னுக்கு. இன்டைக்கு அஞ்சு தரமும் தலையும் வாலும் மாறிப் போயிருக்குது. காளாஞ்சி கை மாறினது ஊருக்கெல்லாம் தெரியும். பெட்டிக்கு மட்டும் யாரும் செல்லல்ல.”

துஷ்யந்தி நெற்றியில் அடித்துக்கொண்டாள். “நான் சுவரப் பாத்து நின்னேங்க. பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்.”

அத்தோடு அத்தியாயம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் இருளப்பன் தோளில் கிடந்த துண்டை உதறிக்கொண்டு லெப்டொப்பை நோக்கி நடந்தார். “அப்ப நான்தான் மொதல்ல!”

“நில்லுடா!” முத்துவீரனின் கை குறுக்கே விழுந்தது. “ஒரு வருசம் முழுக்க ஒனக்குப் பின்னால நின்னுட்டு இப்பத்தான் வாங்கியிருக்கேன். ஒரு மெசினுக்காக அத விட்டுக் குடுக்கிறதா? வெளிய என் சனம் நிக்குது.”

“அப்ப தெறக்காது.”

“தெறக்க வேணாம்.”

வாசலில் நின்ற மேக்கணக்கு ஆட்கள் ஆமாம் என்றார்கள். கீக்கணக்கு ஆட்கள் ஹூ என்றார்கள். குழந்தைகள் ஒவ்வொன்றாக எழுந்து அழ ஆரம்பித்தன.

“மாமா!” என்றாள் துஷ்யந்தி. அவளுடைய அவ்வளவு பெரிய குரலை அங்கே யாரும் கேட்டதில்லை. “ரெண்டு தடவ கெடைக்காம மூணாவதா கெடச்ச எடம். உங்க ரெண்டு பேரு பேத்தியையும் இந்தக் கையாலதான் தூங்க வைக்கிறேன். எனக்காக ஒரு தடவ பின்னால நிக்க முடியாதா? எனக்குக் கோவமா வருது. உங்க மேல மரியாதையா இருக்கவே முடியல.”

முத்துவீரன் தலையைக் குனிந்தார். அவருக்கும் வலித்தது, முகத்தில் தெரிந்தது. ஆனாலும் நீட்டிய கை இறங்கவில்லை. வாசலில் இருந்த சனம் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

நிரோஷனுக்கு அந்தப் பெண்ணுக்காக ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. ஆனால் அவனுக்குத் தெரிந்ததெல்லாம் த்ரீவீலரும் வாய்ப்பேச்சும்தான். பெல்மதுளை ஸ்டாண்டில் வண்டிகள் வரிசையில் நிற்கும். கபூர் என்று ஒருவன், கடைசியாக வந்து, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வண்டியை வளைத்துத் தலைமாட்டில் கொண்டுபோய் நிறுத்துவான். தினம் சண்டை. கடைசியில் வருகிறவன் கடைசியில்தான் நிற்க வேண்டுமா என்று கேட்பான்.

நிரோஷன் மஹ்மூதாவின் காதில் குசுகுசுத்தான்.

மஹ்மூதா அவனை மேலும் கீழும் பார்த்தார். “உன்ட மண்டைக்குள்ளயும் என்னமோ இருக்குது.” பிறகு சத்தமாகச் சொன்னார். “முத்துவீரன் ஐயாதான் மொதல்ல அடிக்கிறாரு. அதுல மாத்தம் இல்ல. எல்லாரும் திரும்புங்கோ!”

மேக்கணக்கு ஆரவாரித்தது. எல்லாரும் சுவரைப் பார்த்தார்கள். முத்துவீரன் கம்பளிக்குள் புகுந்து, ஒற்றை விரலால், ரசித்து ரசித்து அடித்தார். வெளியே வரும்போது முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

“ஒரு நிமிசம்,” என்றான் நிரோஷன். “விசையில பல்லி எச்சம்.” கைக்குட்டையால் துடைப்பது போல ஓரத்தில் இருந்த ஒரு சின்னப் பொத்தானை அமுக்கினான். எழுத்து விழும் இடத்தைக் காட்டும் குச்சிக்கோடு, வரிசையின் வாலிலிருந்து ஒரே ஓட்டமாகத் தலைக்குப் போய் நின்றது. இனி விழுவதெல்லாம் முத்துவீரன் அடித்ததற்கு முன்னால்தான் விழும்.

இருளப்பன் முறைத்துக்கொண்டே கம்பளிக்குள் போனார். அடித்தார். அவரும் திருப்தியோடுதான் வெளியே வந்தார்.

கடைசிப் பொத்தானை யார் அமுக்குவது என்று இரண்டு கைகள் ஒன்றாக வந்தன. துஷ்யந்தி இரண்டையும் தட்டிவிட்டாள். “இது என் மெயில்.” கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினாள்.

பெட்டி திறந்தது.

சிக்னலுக்காக, வயரோடு இருந்த இன்டர்நெட் டொங்கிளை ஒரு கம்பில் கட்டி ஜன்னலுக்கு வெளியே நிரோஷன் பிடித்துக்கொண்டு நிற்க, அவள் படிவத்தை நிரப்பி அனுப்பினாள். நாலு மணிக்கு இன்னும் கொஞ்சம் இருக்கும்போதே, கிடைத்தது என்று கொழும்பிலிருந்து பதிலும் வந்துவிட்டது. புஷ்பம் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

முத்துவீரன் மட்டும் திரையைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். “தம்பி, நெசத்தச் சொல்லு. உள்ள யாரு முன்னால நிக்கிறோம்?”

“திரையில பாத்தீங்கதானே ஐயா? எல்லாம் கறுப்புப் புள்ளி. அதுல எது மேக்கணக்கு எது கீக்கணக்குன்னு பெட்டிக்காரனுக்கே தெரியாது.”

இரண்டு தலைவர்களும் அதை வெவ்வேறு விதமாக யோசித்து, இருவருமே தாங்கள்தான் வென்றதாக முடிவு செய்துகொண்டார்கள்.

“சரி புள்ள, பெட்டியப் பூட்டு,” என்றார் இருளப்பன்.

“பூட்ட மாட்டேன் மாமா. இது என்கூட கொழும்புக்கு வருது. அவங்கவங்க பாஸ்வேர்ட அவங்கவங்களுக்கு இன்னிக்கே குடுத்திருவேன். எனக்கு வேற பெட்டி.” அவள் மஹ்மூதா பக்கம் திரும்பினாள். “நீங்க சொல்லுங்க, எத எடுக்கட்டும்?”

“எதையும் எடு மகள். கூட்டம் மட்டும் போடாத.”

துஷ்யந்தி கூட்டத்தில் தோற்றுப்போன அந்த இலவச சொப்ட்வெயாரை இறக்கினாள். ஜன்னலில் நிரோஷனுக்குக் கை வலித்தது, ஆனாலும் கம்பை அசைக்கவில்லை. முடிந்ததும், பெட்டிக்குப் பாஸ்வேர்ட் வைக்கச் சொல்லித் திரையில் கேட்டது. அவள் விசையில் கையை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“மாமா, நீங்க ரெண்டு பேரும் சுவரப் பாத்து நில்லுங்க.”

முத்துவீரன் இருளப்பனைப் பார்த்தார். இருளப்பன் முத்துவீரனைப் பார்த்தார். முதலில் யார் திரும்புவது? இதற்குக் காளாஞ்சியில் முறை எதுவும் சொல்லியிருக்கவில்லை. துஷ்யந்தி காத்திருந்தாள். வாசலில் சனம் காத்திருந்தது. கடைசியில் இருவரும் ஒன்றாகவே திரும்பினார்கள்.

மஹ்மூதாவும் திரும்பிக்கொண்டார். நிரோஷனும் கம்பைக் கையில் பிடித்தபடியே திரும்பினான். அவன் மூக்குக்கு நேரே, குழந்தைகளுக்காக ஒட்டியிருந்த அணில் படம் இருந்தது. பின்னால் விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. நீளமான பாஸ்வேர்ட் போல. நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்தது.